2005 தீர்ப்பு சொன்னது அதுவல்ல

"அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-லேயே தடையை நீக்கிவிட்டது, சின்ன ஒயின் ஆலைகள் எந்த மாநிலத்து வீட்டுக்கும் நேரடியாக அனுப்பலாம்" என்று பலர் சொல்வது தவறு. அந்த ஆண்டு கிரான்ஹோம் வழக்கில் 5-4 என்று வந்த தீர்ப்பு சொன்னது இவ்வளவுதான்: சொந்த மாநில ஆலைக்கு அனுமதி கொடுத்துவிட்டு வெளிமாநில ஆலையை மட்டும் தடுக்கக் கூடாது. மிச்சிகன் அப்படித்தான் செய்தது. நியூயார்க்கோ, இங்கே ஒரு கிளை திறந்தால்தான் அனுமதி என்றது. ஆனால் எல்லாருக்கும் ஒரேயடியாகத் தடை போட்டால் அது செல்லும், ஏனென்றால் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 21-வது திருத்தம் மது விஷயத்தை மாநிலங்கள் கையில் விட்டிருக்கிறது.

தீர்ப்புக்கு அப்புறமும் மாசசூசெட்ஸ் ஆண்டுக்கு 30,000 கேலன் என்று ஒரு வரம்பு வைத்து, அதற்கு மேல் தயாரிக்கும் ஆலைகளுக்கு மட்டும் கூடுதல் கட்டுப்பாடு போட்டது. உள்ளூர் ஆலைகள் எல்லாமே அதற்குக் கீழே! 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

சரி, அனுமதி இருக்கும் மாநிலத்திலாவது சுலபமா? பெரும்பாலானவற்றுக்குத் தனி உரிமம், தனி வரிக் கணக்கு. கணவனும் மனைவியுமாக நடத்தும் ஆலையில் இதை யார் எழுதுவது? பெட்டியை வாங்க 21 வயது நிரம்பியவர் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டில் ஆள் இல்லையென்றால் கோடை வெயிலில் வண்டியிலேயே சூடேறித் திரும்பி வரும், அந்த ஒயினை அப்புறம் விற்க முடியாது.