தனியார் பள்ளி ஆசிரியருக்குப் பணிக்கொடை கிடையாதா?

"தனியார் பள்ளி டீச்சருக்கு கிராஜுவிட்டி (பணிக்கொடை, அதாவது வேலையிலிருந்து விலகும்போது மொத்தமாகத் தரும் தொகை) கிடையாது, உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, நிர்வாகம் ஏதாவது கொடுத்தால் அது அவர்கள் பெருந்தன்மை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது தவறு. பாதி உண்மை இருப்பதால்தான் பலரும் நம்புகிறார்கள். 2004-இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது நிஜம். ஆனால் 2009-இல் நாடாளுமன்றம் பணிக்கொடைச் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதலே செல்லும்படி ஆசிரியர்களைச் சேர்த்தது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்குப் போட்டு 2022 ஆகஸ்டில் தோற்றன. ஃபார்வர்டு செய்கிறவர்கள் 2004-லேயே நின்றுவிட்டார்கள்.

கணக்கு ரொம்ப எளிது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு 15,000. பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவருக்கு 1,80,000. ஐந்து வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் போதும், நீங்களாக ராஜினாமா செய்தாலும் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர், கரஸ்பாண்டன்ட் மனம் கோணக் கூடாதென்று வருடக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமை கூட அட்மிஷன் வேலைக்குப் போனார். விலகும்போது சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், அவ்வளவுதான். சட்டப்படி வர வேண்டிய காசை, சார் பார்த்துச் செய்வார் என்று காத்திருந்தார், பாவம். இந்த ஃபார்வர்டைக் காட்டித்தான் அவர் வாயை அடைத்தார்கள். அதைப் பார்த்த பிறகு ஸ்டாஃப் ரூமில் யாரும் மணி நாலு தாண்டி உட்காருவதில்லை.