வாளியைக் கவிழ்த்து வைத்த ஆச்சி

போன மாதம் எங்கள் பக்கம் ஒரு கதைப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். 4, 5 வகுப்புப் பிள்ளைகள். 'தொலைந்து போனது' என்று தலைப்பு. நடுவர்கள் மூன்று பேர். தனித்தனியாகத் திருத்திவிட்டு மதிப்பெண்ணைக் கூட்ட உட்கார்ந்தபோது ஒரு தாளில் வந்து நின்றுவிட்டோம். பத்துக்கு ஒருவர் 3 போட்டிருந்தார், இன்னொருவர் 5, நான் 9.

ஐந்தாம் வகுப்புப் பையன் எழுதியது. வீட்டுப் பசுவைச் சந்தையில் விற்றுவிடுகிறார்கள். மறுநாள் நடந்ததை இப்படி எழுதியிருந்தான்: "ஆச்சி விடியகாலம் வாளிய தூக்கிட்டு தொளுவத்துக்கு போச்சி. மாடு இல்ல. திரும்பி வந்து வாளிய கவுத்தி வச்சிருச்சி." அதோடு கதை முடிந்துவிட்டது.

3 போட்டவர் அக்கறையான ஆசிரியர்தான். அவர் சொன்ன காரணங்கள்: பதினேழு எழுத்துப் பிழை, முழுக்கப் பேச்சு வழக்கு, கடைசியில் நீதி இல்லை. முதல் பரிசு ஒரு காட்டுக் கதைக்குப் போனது. சிங்கம், நான்கு எருதுகள், ஒற்றுமையே பலம். பிழை ஒன்றுகூட இல்லை, கையெழுத்து மணி மணியாக இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்தது என்று ஒரு வரி அதில் இல்லை.

ஒரே தாளுக்கு ஆளுக்கொரு மதிப்பெண் விழுவது நமக்கு மட்டும் உரியதில்லை. 1912-இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்று இரண்டு பேர் ஒரே ஆங்கில விடைத்தாளை நிறையப் பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். நூற்றுக்கு முப்பது மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தது. அது உயர்நிலைப் பள்ளித் தாள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையின் கதை என்றால் கேட்கவே வேண்டாம். எதை அளக்கிறோம் என்று முதலில் பேசிக்கொள்ளாமல் சிவப்புப் பேனாவைத் திறந்தால் கண்ணில் படுவது பிழைதான், ஏனென்றால் அதை எண்ணிவிடலாம். வாளியைக் கவிழ்த்ததை எப்படி எண்ணுவது?

தேர்வில் நாம் கேட்கிற கேள்வியையும் பாருங்கள். 'குறிப்புச் சொற்களைக் கொண்டு கதை எழுதுக: காகம் – தாகம் – பானை – கூழாங்கல்.' பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த கதை. நினைவிலிருந்து எடுத்து இடைவெளிகளை நிரப்பினால் போதும். நினைவாற்றலைச் சோதித்துவிட்டு அதற்குக் கதை எழுதுதல் என்று பெயர் வைத்திருக்கிறோம். நீதி எழுதினால் தனி மதிப்பெண் என்று சொல்லிச் சொல்லி, பிள்ளைகள் நீதியை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கு ஏற்ற விலங்கைத் தேடுகிறார்கள். இதை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பேச்சு வழக்கு. தமிழில் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டையும் ஒரே நேரத்தில் சுமக்கிறது. "வந்துச்சு" என்பதை "வந்தது" என்று மாற்றக் கற்றுத்தர வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கதைக்குள் ஒரு பாட்டி பேசினால் பாட்டி மாதிரிதானே பேச வேண்டும்? "ஏல, இங்க வா" என்று எழுதிய பிள்ளையின் தாளில் அதை அடித்துவிட்டு "தம்பி, இங்கே வா" என்று ஒருவர் எழுதியிருந்தார். திருத்தம் முடிந்ததும் அந்த வரியில் பாட்டியைக் காணோம்.

இன்னொன்று, கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. 2022-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில், பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வர வேண்டும் என்று எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அவர்கள் கற்றிருக்கும் அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறோம். பாடம் நடத்த அது உதவுகிறது. அதில் முதல் படியான அரும்பு நிலையில் இருந்த ஒரு பெண் பிள்ளையிடம் தாளைக் கொடுத்தால் மூன்று வரிக்கு மேல் போகாது. ஒருநாள் வாயால் சொல்லச் சொல்லி நான் எழுதினேன். கிணற்றில் விழுந்த கோழிக்குஞ்சின் கதை, நடுவில் இரண்டு சண்டை, ஒரு சமாதானம், மொத்தம் ஒன்றரைப் பக்கம். அன்றிலிருந்து கதைக்கும் எழுத்துக்கும் தனித்தனியாகக் குறிப்பு வைக்கிறேன்.

2012-இல் தமிழ்நாட்டில் பள்ளி ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது, பருவம் நடக்கும்போதே பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவக் கடைசியில் தேர்வு வைக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்ணைப் பிரித்தார்கள். அந்த 40-இன் நோக்கமே பிள்ளை வளர்வதைக் கூடவே இருந்து பார்ப்பதுதான். கதைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பல இடங்களில் அதுவும் பதிவேட்டை நிரப்பும் வேலையாகிவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். முதல் தடவை பேனா இல்லாமல் படிப்பேன். யாருக்கோ ஏதோ வேண்டியிருக்கிறதா, அதற்கு ஒரு தடை வருகிறதா, இந்தப் பிள்ளை மட்டுமே பார்த்திருக்கக்கூடிய ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று தேடுவேன். 'நன்று' என்று எழுதுவதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் ஒரு கேள்வி எழுதுவேன். "குஞ்சைத் தூக்கியது யார்?" என்று கேட்டால் மறுநாள் அரைப் பக்கம் கூடுதலாக வரும். பிழைகளை அடுத்த வாசிப்பில்தான் தொடுவேன், அதிலும் ஒரு வகை மட்டும். இந்த வாரம் ர–ற என்றால் ர–ற மட்டுமே. பதினேழையும் சுழித்துக் கொடுத்தால் பிள்ளை எதையும் கற்காது, அடுத்த கதையைச் சின்னதாக எழுதிவிடும்.

போட்டி என்றால் வேறு வழி இருக்கிறது. 1927-இல் தர்ஸ்டன் என்ற உளவியலாளர் இரண்டிரண்டாக ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதைப் பற்றி எழுதினார். இரண்டு கதையைப் பக்கத்தில் வைத்து, இதில் எது நல்ல கதை என்று மட்டும் கேட்பது. பத்துக்கு எத்தனை என்று கேட்டால் திணறுகிற நாம் இதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிடுவோம். எங்கள் பள்ளியில் இரண்டு டீச்சர்களோடு இருபது தாளை இப்படிச் செய்து பார்த்தேன். மேலே வந்த ஐந்து கதைகளில் நான்கு மூன்று பேருக்கும் ஒன்றாக இருந்தன.

அந்தப் பையனுக்குப் பரிசு வாங்கித் தர முடியவில்லை. போட்டி முடிந்ததும் தேடிப் போய்ப் பேசினேன். ஆச்சி ஏன் வாளியைக் கவிழ்த்து வைத்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்:

"நிமித்தி வச்சிருந்தா மறுநாளும் தூக்கிட்டுப் போயிரும்லா டீச்சர்."