எமினெம் அடிச்சதாலதான் ஓடினானா?

ராப்ல ஆரம்பிச்சு ராக் பக்கம் போன அமெரிக்கப் பாடகர் மெஷின் கன் கெல்லி பேச்சு எடுத்தாலே ராப் கேக்குறவங்ககிட்ட ஒரே பதில்தான், "பெரிய ராப்பர் எமினெம் விட்ட விடுல ராப்ப விட்டுட்டு கிட்டாரத் தூக்கிட்டு ஓடிட்டான்". மீம் போட நல்லா இருக்கும். ஆனா தேதியெல்லாம் வரிசையா வச்சுப் பாத்தா கதை இடிக்குது.

2018ல எமினெம் காமிகாஸி ஆல்பத்துல கெல்லியச் சீண்டினாரு, கெல்லி சில நாள்லயே அவரத் திட்டி ராப் டெவில்னு ஒரு பாட்டு இறக்கினாரு, செப்டம்பர் பாதியில எமினெமோட பதில் பாட்டு கில்ஷாட் வந்துச்சு. யாரு ஜெயிச்சதுன்னா எமினெம்தான், அதுல எனக்கு டவுட்டே இல்ல. ஆனா அதுக்கப்புறம் 2019 ஜூலைல வந்த கெல்லியோட ஹோட்டல் டயாப்ளோ ஆல்பம் முக்காவாசி ராப்தானேப்பா, பயந்து ஓடுறவன் எதுக்கு உக்காந்து அதப் பண்ணப் போறான்? அதுக்கும் ரொம்ப முன்னாடி, மொத ஆல்பம் லேஸ் அப் வந்த 2012லயே இந்த ஆளு வார்ப்ட் டூர்ல பாடுனவரு, அது பெரும்பாலும் பங்க் (வேகமான, கத்திப் பாடுற ராக்) பேண்டுங்க ஊர் ஊரா சுத்துற திருவிழா. கிளீவ்லேண்ட்ல ராப் பண்ணி வளந்த பையனுக்கு அந்தக் கூட்டம் அப்பவே பழக்கம்.

அந்த ஹோட்டல் டயாப்ளோவோட கடைசிப் பாட்டு ஐ திங்க் ஐம் ஓகே. இங்கிலாந்துப் பாடகர் யங்பிளட் கூடப் பாடுறாரு, டிரம்ஸ் பிளிங்க்-182ங்கிற பாப்-பங்க் பேண்டோட டிராவிஸ் பார்க்கர். என்னைக் கேட்டா இவரு கேரியர்லயே உருப்படியான இடம் இதுதான், ஏன்னா இதுல ராப்பரோட மூச்சும் இருக்கு, பங்க்கோட கத்தலும் இருக்கு, எது எங்க முடியுதுன்னே தெரியாது.

2020 செப்டம்பர்ல வந்த கெல்லியோட ராக் ஆல்பம் டிக்கெட்ஸ் டு மை டவுன்ஃபால், அமெரிக்க ஆல்பம் பட்டியலான பில்போர்ட் 200ல நம்பர் ஒன். அதுக்கு முன்னாடி ஒரு ராக் ஆல்பம் அந்த இடத்துக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. எல்லாரும் கெல்லி மாறிட்டாருன்னாங்க, நான் கிரெடிட்ல பாதிய பார்க்கருக்குத்தான் குடுப்பேன். மனுஷன் 2011லயே ராப்பருங்களா சேத்து தனியா ஒரு ஆல்பம் போட்டவரு, ராப்பர் எங்க மூச்சு வாங்குவான் எங்க இழுப்பான்னு தெரியும், அதனால டிரம்ஸ் பாட்டு முழுக்கத் துரத்திக்கிட்டே போகுது, வேகமா வார்த்தை கொட்டிப் பழகின வாய்க்கு அது தோதா இருக்கு. பாப்-பங்க்ல, அதாவது பாப் மெட்டு கலந்த பங்க்ல, பெரிய சங்கீதக் குரலும் தேவையில்ல பாருங்க, கரகரன்னு, கொஞ்சம் மூக்கால, வயித்தெரிச்சலோட பாடுனா போதும். அந்த ஆல்பத்துல லோன்லி கேளுங்க, அப்பா செத்த துக்கத்த அப்படியே பாடியிருப்பாரு. அத நடிப்புன்னு சொல்றவங்ககூட எனக்குப் பேச்சே இல்ல.

பிரச்சினை 2022ல வந்த மெயின்ஸ்ட்ரீம் செல்அவுட்தான். செல்அவுட்னா காசுக்கு விலை போனவன், பேரே திட்டுறவங்களுக்கு வச்ச பதில். இதுவும் நம்பர் ஒன், கிராமில பெஸ்ட் ராக் ஆல்பம் நாமினேஷன் வேற (ராக் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் தட்டிட்டுப் போயிட்டாரு). ஆனா போன ஆல்பத்தையே ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருக்கு. இதுல ராப்பர் லில் வெய்ன் வந்து பாடுறது ஒரு காமெடி, 2010லயே ரீபர்த்னு ராக் ஆல்பம் போட்டு எல்லார்கிட்டயும் கல்லடி வாங்கினவரு அவரு, பத்து வருஷம் கழிச்சு அதே வேலைக்கு இவருக்கு கைதட்டு. நேரம்னு ஒன்னு இருக்குல்ல!

என் கம்ப்ளெய்ன்ட் ராப்ப விட்டதுல இல்ல. மிக்ஸ் பண்றாருன்னு பேரு, ஆனா நடக்குறது சட்டை மாத்துறது. 2024ல ராப்பர் டிரிப்பி ரெட் கூட ஜான்ரா சாட்பாய்னு ஒன்னு, திரும்ப ராப் பக்கம். அதே வருஷம் பாடகர் ஜெல்லி ரோல் கூட லோன்லி ரோட்னு ஒரு பாட்டு, இது கன்ட்ரி (அமெரிக்க கிராமத்துப் பாட்டு வகை), அதுவும் பழைய பாடகர் ஜான் டென்வரோட மெட்டு மேல ஏறி உக்காந்து. ஹிட்டுதான், இல்லங்கல. எனக்கு ஒரு தடவைக்கு மேல கேக்க முடியல, நேரா ஐ திங்க் ஐம் ஓகே போட்டுட்டேன்.