“இன்னும் ஏன் வண்டியை எடுக்கல?”

போன வாரம் உளுந்தூர்பேட்டை தாண்டி, திருச்சி போகிற வழியில் ஒரு பைக் விபத்து. நான் இறங்கிப் போனபோது 108 ஏற்கெனவே வந்திருந்தது. அடிபட்ட தம்பிக்கு இருபத்தைந்து வயசு இருக்கலாம். ரோட்டோரம் மல்லாந்து கிடந்தான். அவன் தோளருகே மண்டியிட்டிருந்த இஎம்டி (108-இல் வருகிற அவசர மருத்துவ உதவியாளர்) ஒரு பெண். இரண்டு கையாலும் அவன் கழுத்தை அசையாமல் தாங்கிக்கொண்டிருந்தார். பைலட் (108-இல் டிரைவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஹெல்மெட்டின் இரண்டு பக்கத்தையும் விரித்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தார். அந்தப் பெண்ணின் முழங்காலுக்குக் கீழே ஹெட்லைட் கண்ணாடித் தூள் நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் நகரவே இல்லை.

சுற்றிலும் கூட்டம். “இன்னும் என்னம்மா பண்ற? தூக்கிப் போட்டுக் கிளம்பு!” ஒருவர் வண்டிக் கதவைப் படபடவென்று தட்டினார். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “தம்பி, கால் விரலை அசைங்க பார்ப்போம்” என்றார். அசைத்தான். கழுத்துக்குக் காலர் மாட்டினார்கள். ஸ்கூப் ஸ்ட்ரெச்சரை இரண்டாகப் பிரித்து, உடம்புக்கு அடியில் இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதியாகச் செருகிப் பூட்டினார்கள். அப்புறம்தான் தூக்கினார்கள். மொத்தமே ஏழெட்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

அந்தக் கூட்டத்தின் பதற்றம் எனக்குப் புரியும். பல வருஷம் முன்னால் என் சித்தப்பா மாடியிலிருந்து விழுந்தபோது நாங்களும் அப்படித்தான் பதறினோம். கையை இருவர், காலை இருவர் பிடித்து, தலை தொங்கத் தொங்க லோடு ஆட்டோவில் ஏற்றினோம். அவரால் அதற்குப் பிறகு நடக்க முடியவில்லை. தண்டுவடம் நசுங்கியது விழுந்ததிலா, நாங்கள் தூக்கியதிலா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. தூக்கியவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆம்புலன்ஸ்காரர்கள் மனதில் ஓடுகிற கணக்கு இதுதான்: இந்த உயிருக்கு இப்போது ஆபத்து எது, அதை இந்த இடத்திலேயே சரிசெய்ய முடியுமா? ரத்தம் பீய்ச்சுகிறதா, அங்கேயே அழுத்திக் கட்டியாக வேண்டும். மூச்சுக்குழாயை ரத்தமோ வாந்தியோ அடைக்கிறதா, அங்கேயே உறிஞ்சி எடுத்தாக வேண்டும். அதைச் செய்யாமல் ஓடினால் வழியிலேயே உயிர் போகும்.

ஆனால் வெளியே பெரிய காயம் இல்லை, ஆள் வெளுத்துப்போய், கை ஜில்லென்று வியர்த்து, நாடி வேகமாக ஓடுகிறது என்றால் விஷயம் வேறு. வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகப்படுவார்கள். அதை நிறுத்த ஆபரேஷன் தியேட்டர்தான் வேண்டும். அங்கே நின்று ஊசிக்கு நரம்பு தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஏற்றிக் கிளம்பிவிடுவார்கள், டிரிப்ஸ் போடுவதெல்லாம் ஓடுகிற வண்டியில்தான். விபத்தான வண்டி தீப்பிடித்தாலோ, பின்னால் லாரி வந்து மோதும் நிலை என்றாலோ காலர், ஸ்ட்ரெச்சர் எதற்கும் காத்திருக்க முடியாது, இழுத்து வெளியே போடத்தான் வேண்டும். நின்றாலும் கிளம்பினாலும் அது அவர்கள் யோசித்து எடுக்கிற முடிவு. ரோட்டில் நின்று கத்துகிற நமக்கு அது தெரிவதில்லை.

அடுத்த சண்டை, எந்த ஆஸ்பத்திரி என்பது. “மூணு கிலோமீட்டர்ல ஆஸ்பத்திரி இருக்கு, ஏன் தாண்டிப் போறீங்க?” என்று உறவினர்கள் மல்லுக்கு நிற்பார்கள். மூன்று கிலோமீட்டரில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம் என்றால், தலையில் அடிபட்டவருக்கு அங்கே சிடி ஸ்கேன் கிடையாது, அறுவைச் சிகிச்சை நிபுணர் கிடையாது. அங்கே இறக்கி, மறுபடி ஏற்றி, மறுபடி அசைத்து, கடைசியில் அதே மருத்துவக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். மூச்சே தடுமாறுகிற ஆளை மட்டும் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே நிறுத்தி நிலைப்படுத்துவார்கள், அது வேறு. செலவை நினைத்து இழுபறி செய்கிறவர்களுக்கு ஒன்று: 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இலவசம். தனியாரும் அதில் உண்டு.

வண்டி வரும்வரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். உட்கார வைக்காதீர்கள். தலைக்குத் தலையணை வேண்டாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயமும் வேண்டாம்; 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்தவருக்குப் பாதுகாப்பு தருகிறது, பெயரைச் சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

108-க்குப் போன் போடும்போது ஊர்ப் பெயரோடு நிறுத்தாதீர்கள். கிலோமீட்டர் கல்லில் என்ன எண் என்று பாருங்கள். சென்னை போகிற பக்கமா, திருச்சி போகிற பக்கமா என்று கட்டாயம் சொல்லுங்கள். நான்குவழிச் சாலையில் எதிர்ப்பக்கம் வந்துவிட்டால், நடுத்தடுப்பில் அடுத்த இடைவெளி வரும்வரை அவர்கள் ஓட்டிப் போய்த்தான் திரும்பி வர முடியும்.