கதவிடுக்கும் மறைப்புச் சுவரும்

மண்டபத்தில் மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாள்களும் என்னைப் போல ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவனுக்கு ஏறக்குறைய விடுமுறைதான். விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் கட்டிக் கிடக்க, நாட்டுப்படகுக்காரர்கள் கேட்கும் சில ஐஸ் கட்டிகளோடு அன்றைய வரவு முடிந்துவிடும். அந்த ஓய்வில்தான், 15 ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடாதிருந்த துப்பாக்கி விளையாட்டுக்கு, அக்காள் மகனின் கம்ப்யூட்டரில் இந்த ஆண்டு திரும்பினேன். உப்புக்காற்றில் கேபினெட்டின் திருகுகள் எல்லாம் துருவேறிய கம்ப்யூட்டர் அது.

2005-இல் ராமநாதபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில், மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து நாங்கள் ஆடியது, இரண்டு அணிகள் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்தும் கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6. மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இருவர் 1999-இல் ஹாஃப் லைஃப் விளையாட்டின் மேல் கட்டிய மாற்று வடிவமாகத் தொடங்கி, மறு ஆண்டே வால்வ் நிறுவனத்தின் தனி விளையாட்டாக வெளிவந்தது அது. இப்போது ஆடுவது 2023 செப்டம்பரில் வந்த கவுன்டர் ஸ்ட்ரைக் 2.

முதல் நாள் மருமகன் திறந்த மேப், அதாவது ஆட்டக்களம், டஸ்ட் 2. டேவ் ஜான்ஸ்டன் 2001-இல் வடிவமைத்த அந்த மணல்நிறத் தெருக்களை நான் மறந்திருக்கவில்லை என்பதை என் விரல்கள்தான் முதலில் சொல்லின. எந்த மூலையில் ஷிஃப்ட்டை அழுத்திக் காலடி ஓசையை அடக்க வேண்டும், எந்தப் பெட்டியின் பின்னால் ஒருவன் பதுங்கியிருப்பான் என்பதெல்லாம் கேட்காமலே வந்தன. ஏகே 47-இன் விலை மட்டும், விளையாட்டுக்குள் புழங்கும் பணத்தில், 2500 டாலரிலிருந்து 2700 ஆகியிருந்தது. இவ்வளவு காலத்தில் இவ்வளவு குறைவாக விலையேறிய பொருளை நான் வேறெங்கும் கண்டதில்லை. எங்கள் ஐஸ் கட்டியைக் கேட்டுப் பாருங்கள்.

கையில் 4750 டாலர் சேர்ந்ததும் பழைய வழக்கப்படி ஏடபிள்யூபி என்னும் தொலைதூரக் குறிதுப்பாக்கியை வாங்கி, தொடங்கும் இடத்திலேயே நின்று நடுப்பாதையின் இரட்டைக் கதவைக் குறிவைத்தேன். எதிரணியினர், வெடிகுண்டு வைக்கும் இடங்களில் ஒன்றான பி பக்கம் ஓடும்போது அந்தக் கதவிடுக்கில் கண்ணிமைக்கும் நேரம் தெரிவார்கள். அந்தக் காலத்தில் எனக்கு இருந்த ஒரே பெருமை அந்தக் குறிதான். குறிநோக்கியில் தெரிந்ததோ வெறும் சுவர்.

"மாமா, அதெ எப்பவோ அடைச்சுட்டாங்க" என்றான், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

எனக்கு வந்த கோபம் எனக்கே வியப்பாக இருந்தது. யோசித்துப் பார்க்கையில், இவ்வகை விளையாட்டில் துப்பாக்கியைவிட இடம்தான் பெரிது என்று தோன்றுகிறது. சுடும் கலையைச் சில வாரங்களில் பழகிவிடலாம்: நின்று சுட வேண்டும், குண்டுகள் மேலேறும்போது மவுஸைக் கீழே இழுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு தெருவை ஆயிரம் முறை நடந்து, எந்த ஓசை எந்தத் திருப்பத்திலிருந்து வருகிறது என்று அறிவதற்கு, அந்தத் தெரு ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்க வேண்டும். நூறு பேரைப் பெரிய தீவில் இறக்கிவிடும் விளையாட்டுகளை மருமகனோடு செல்போனில் ஆடிப் பார்த்தேன். பரபரப்புக்குக் குறைவில்லை, ஆனால் அங்கே எனக்கு ஊர் என்று எதுவும் அமையவில்லை. துப்பாக்கிக்கு வண்ணம் பூசும் ஸ்கின்களுக்குக் காசைக் கொட்டுவதைப் பற்றி எழுதினால் அவன் கோபித்துக்கொள்வான், விட்டுவிடுகிறேன்.

சுவர் எழுப்பியது நியாயமே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்டம் தொடங்கிய சில நொடிகளில், ஓர் அடிகூட எடுத்து வைக்காமல் ஒருவன் இன்னொருவனை வீழ்த்துவதில் திறமையைவிட அதிர்ஷ்டமே அதிகம். அந்த அதிர்ஷ்டத்தைத்தான் நான் இத்தனை காலம் திறமை என்று நினைத்திருந்தேன் போலும்.

அனிச்சையும் முன்போல இல்லை. நேருக்கு நேர் வந்தால் பள்ளிப் பையன்கள் என்னை நொடியில் முடித்துவிடுகிறார்கள். ஆகவே இப்போது பி பக்கச் சுரங்கத்தில் ஹெட்போனை அழுத்திப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறேன். அவர்கள் ஓடி வருவது முன்கூட்டியே காதில் விழுந்துவிடுகிறது. பத்து ஆட்டத்தில் மூன்று ஜெயிக்கிறேன்.