செத்த பிறகும் நாத்திகராக இருக்க என்ன செய்ய வேண்டும்

உயிரோடு இருக்கும்வரை நாத்திகராக இருப்பது நம் கையில் இருக்கிறது. செத்த பிறகு அது அடுத்தவர் கைக்குப் போய்விடுகிறது. ஐம்பது வருடம் கறுப்புச் சட்டை போட்டு ஊர் ஊராகப் பேசிய மனிதருக்கு, மூச்சு நின்ற அரைமணி நேரத்தில் நெற்றியில் பட்டையாகத் திருநீறு ஏறிவிடுகிறது. நீர்மாலை எடுக்கிறார்கள், வாய்க்கரிசி போடுகிறார்கள், பேரப்பிள்ளைகள் கையில் நெய்ப்பந்தம் கொடுக்கிறார்கள். பதினாறாம் நாள் காரியப் பத்திரிகையில் 'சிவலோகப் பதவி அடைந்தார்' என்று அச்சாகிறது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. துக்கத்தில் நிலைகுலைந்து உட்கார்ந்திருக்கும் வீட்டில் பங்காளிகளும் ஊர்ப் பெரியவர்களும் வந்து நின்று அடுத்தது இது, அடுத்தது அது என்று சொல்லச் சொல்ல எல்லாம் நடந்துவிடுகிறது. மறுத்துப் பேச வேண்டியவர் பெட்டிக்குள் இருக்கிறார்.

கடவுள் மறுப்பு என்றால் வாதாடி ஜெயிப்பது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வாதம் சுலபம். பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றிலும் சடங்கை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வைப்பது, அதற்கு எந்தத் தாளில் யார் கையெழுத்துப் போடுவது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதுதான் உழைப்பு. அந்த உழைப்பை நாம் போதுமான அளவு செய்யவில்லை என்பது என் கருத்து.

முதலில் சட்டம் நம்மை என்னவாகப் பார்க்கிறது என்பது தெரிய வேண்டும். இந்து திருமணச் சட்டத்தின் 2ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத யாராக இருந்தாலும், வேறு வழக்கம் நிரூபிக்கப்படாதவரை, அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுவார். இந்துக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் கோயில் வாசலையே மிதிக்காமல் வாழ்ந்தாலும் சட்டத்துக்கு அவர் இந்துதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாதவர்கள் சுமார் 28.7 லட்சம் பேர், மொத்த மக்கள்தொகையில் 0.24 சதவீதம். நாத்திகர் என்றே பதிவானவர்கள் நாடு முழுக்க சுமார் 33 ஆயிரம் பேர். ஒரு நடுத்தர ஊரின் மக்கள்தொகைகூட இல்லை. நாத்திகர்கள் இவ்வளவுதான் என்பதற்கு இது கணக்கே அல்ல. கணக்கெடுப்பவர் பெயரைக் கேட்டதுமே மதக் கட்டத்தைத் தானாக நிரப்பிக்கொண்டு போவார், நாமும் வேறு வேலையாக இருப்போம். அடுத்த முறை அவர் வரும்போது அந்தக் கட்டத்தில் என்ன எழுதினார் என்று எட்டிப் பாருங்கள். நீங்கள் சொல்வதை எழுதுவதுதான் அவர் வேலை.

கல்யாணத்துக்குத் தமிழ்நாட்டில் நல்ல வழி இருக்கிறது. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்தி வைத்ததிலிருந்து தொடங்கிய சுயமரியாதைத் திருமணங்களை 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவு, அதற்கு முன் நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லும் என்று ஆக்கியது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகத் தங்களுக்குப் புரியும் மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். இவற்றில் ஏதாவது ஒன்று. புரோகிதரும் வேண்டாம், அக்னியும் வேண்டாம். வழக்கறிஞர் அலுவலகத்தில் நாலு பேர் முன்னால் நடந்தால் செல்லாது என்று 2014இல் வந்த தீர்ப்பையும் உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் நீக்கிவிட்டது. சிக்கல் பதிவில்தான் வரும். சார்பதிவாளர் அலுவலகத்தில் கோயில் ரசீது எங்கே, மண்டப ரசீது எங்கே என்று கேட்பார்கள். அதனால் அச்சடித்த அழைப்பிதழ், மாலை மாற்றும் ஒளிப்படம், இருவரும் சாட்சிகளும் கையெழுத்திட்ட உறுதிமொழித் தாள் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு 90 நாளுக்குள் போய்விடுங்கள்.

ஒருவர் முஸ்லிமாகவோ கிறிஸ்தவராகவோ பிறந்தவர் என்றால் 7ஏ உதவாது, 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம்தான். இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்புக் கொடுத்து, அது அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டு, மேலும் 30 நாள் காத்திருந்து, மூன்று சாட்சிகளோடு போக வேண்டும். அந்த ஒரு மாதம்தான் ஆபத்து. பலகையில் ஒட்டிய முகவரியைப் பார்த்துச் சாதிச் சங்கத்துக்காரர் வீட்டுக்குப் போன் போடுகிற ஊர் இது. எதிர்ப்பு வர வாய்ப்புள்ள ஜோடி அந்த 30 நாளும் எங்கே தங்குவது என்பதை அறிவிப்புக் கொடுப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

பள்ளிச் சேர்க்கையில் சாதி, மதம் இரண்டு கட்டங்களையும் காலியாக விடலாம் என்று தமிழ்நாட்டில் 1973இலும் 2000இலும் அரசாணை வந்திருக்கிறது. தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்காது, நகலோடு போங்கள். திருப்பத்தூரைச் சேர்ந்த வழக்கறிஞர் சிநேகா 2019இல் சாதி, மதமற்றவர் என்று வட்டாட்சியரிடம் சான்றிதழே வாங்கினார். 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இத்தகைய சான்றிதழ் வழங்க அரசாணை பிறப்பிக்கும்படி அரசிடம் சொன்னது. மகிழ்ச்சியான விஷயம். ஆனால் இதில் அவசரப்படாதீர்கள் என்றுதான் சொல்வேன். சாதிச் சான்றிதழ் இல்லாத பிள்ளை 69 சதவீத இடஒதுக்கீட்டுக்கு வெளியே, பொதுப் போட்டியில் நிற்கும். பட்டியல் சாதியினருக்கு இன்னும் சிக்கல்: 1950ஆம் வருடத்து ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கு மட்டுமே அந்தத் தகுதி. அப்பாவின் கொள்கைக்குப் பிள்ளை விலை கொடுக்கக் கூடாது. பிறப்பிலேயே எல்லாம் வாய்த்தவர்கள் முதலில் துறக்கட்டும். ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை சான்றிதழை வைத்துக்கொண்டே நாத்திகராக இருக்கலாம், அதில் எந்த முரணும் இல்லை.

நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போனால் கடவுள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. 1969ஆம் வருடத்து உறுதிமொழிச் சட்டம் இரண்டு வழியையும் தருகிறது. 'உளமார உறுதி கூறுகிறேன்' என்று முன்பே ஊழியரிடம் சொல்லிவிடுங்கள். இதையெல்லாம் யாரும் சும்மா கொடுக்கவில்லை. இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் நாடாளுமன்றத் தொகுதியில் 1880இல் ஜெயித்த சார்லஸ் பிராட்லா, நாத்திகர் என்பதால் கடவுள் பெயரால் எடுக்கும் பதவிப் பிரமாணத்தில் சிக்கல் வந்து, ஆறு வருடம் தன் இடத்தில் முறையாக உட்கார முடியாமல் போராடினார்.

இனி சாவுக்கு வருவோம், அங்கேதான் பெரும்பாலும் எல்லாம் கெட்டுப்போகிறது.

முதல் தவறு, விருப்பத்தை உயிலில் எழுதி வைப்பது. உயில் சொத்துக்கானது, பிரேதம் சொத்து அல்ல. அதைவிட முக்கியம், உயிலை வெளியே எடுப்பதே பதினாறாம் நாளுக்குப் பிறகுதான். இரண்டாவது தவறு, வாயால் மட்டும் சொல்லி வைப்பது. கேரளத்தின் மார்க்சிஸ்ட் கட்சி மூத்த தலைவர் எம்.எம்.லாரன்ஸ் 2024 செப்டம்பர் 21 அன்று இறந்தபோது நடந்தது எல்லாருக்கும் பாடம். உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கச் சொன்னார் என்றார் மகன். அப்பா நம்பிக்கையாளர், தேவாலயத்தில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று மகள் ஒருவர் நீதிமன்றம் போனார். உடல் எர்ணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரியில் காத்திருந்தது. கேரள உடற்கூறியல் சட்டம், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வாயால் சொன்ன விருப்பத்தையும் ஏற்கிறது என்பதால்தான் அவர் விருப்பம் நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, அங்கும் மகளின் மனு ஏற்கப்படவில்லை. நாடறிந்த ஒரு கம்யூனிஸ்ட்டுக்கே இந்த நிலை. கையெழுத்திட்ட ஒரு தாள் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் இழுத்திருக்காது.

அந்தத் தாளைத் தனியாக எழுதுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். நான் இறை மறுப்பாளர், என் உடலுக்கு எந்த மதச் சடங்கும் கூடாது, உடலை இன்ன கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும் அல்லது இன்ன இடத்தில் எரிக்க வேண்டும் என்று தெளிவாக எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்தோடு தேதி போடுங்கள். சாட்சிகளில் ஒருவர் உங்கள் வாரிசாக இருப்பது நல்லது, அதுவும் அதிகம் எதிர்க்கக்கூடியவராக இருந்தால் மிக நல்லது. ஒரு நகல் துணைவரிடம், ஒன்று பிள்ளையிடம், ஒன்று குடும்பத்துக்கு வெளியே உள்ள தோழரிடம். அந்தத் தோழர்தான் முக்கியம். அழுதுகொண்டிருக்கும் மகனால் பெரியப்பாவை எதிர்த்துப் பேச முடியாது. தாளை எடுத்து நீட்ட வெளியாள் ஒருவர் வேண்டும். பேச முடிகிறவர்கள் அதையே இரண்டு நிமிடம் செல்போனில் காணொளியாகவும் எடுத்து வைக்கலாம்.

உடற்கொடைக்குப் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கி நிரப்புங்கள். ஆனால் அந்தப் படிவம் குடும்பத்தைக் கட்டுப்படுத்தாது. உடலை ஒப்படைக்க வேண்டியவர் நெருங்கிய உறவினர். அவர் மறுத்தால் கல்லூரி வற்புறுத்தாது. பதிவு செய்யாமல் இறந்தவர் உடலையும் குடும்பம் விரும்பினால் கொடுக்கலாம். படிவம் வாங்கும் அன்றே இரண்டு கேள்வி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இறந்து எத்தனை மணி நேரத்துக்குள் உடல் வர வேண்டும், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வாங்கிக்கொள்பவர் யார். துறை சாயங்காலத்தோடு மூடிவிடும். வெள்ளிக்கிழமை இரவு இறந்தவரை வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நிற்கும் வீட்டில்தான், சரி எரித்துவிடலாம் என்ற பேச்சு வரும்.

வீட்டில் இறந்தால் முதல் வேலை டாக்டரை வரவழைத்து இறப்புக் காரணச் சான்று வாங்குவது. அது இல்லாமல் எந்தக் கல்லூரியும் வாங்காது. இறந்தவர், ஒப்படைப்பவர் இருவரின் ஆதார் நகலும் வேண்டும். சில கல்லூரிகள் கிராம நிர்வாக அலுவலரின் அல்லது காவல் நிலையத்தின் கடிதமும் கேட்கும். உடனே ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்லிவிடுங்கள். தாமதம் ஏன் ஆகாது என்றால், பதப்படுத்த ஃபார்மலின் கலந்த திரவத்தைக் கழுத்து அல்லது தொடைத் தமனி வழியாகத்தான் ஏற்றுகிறார்கள். ரத்தம் உறைந்து, குழாய்கள் சிதையத் தொடங்கினால் திரவம் உடம்பு முழுக்கப் பரவாது. பிரேதப் பரிசோதனை செய்த உடலை மறுப்பதும் இதனால்தான். குழாய்கள் ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கும். ஆகவே விபத்து, தற்கொலை, சந்தேக மரணம் என்றால் உடற்கொடை நடக்காது. எச்ஐவி, மஞ்சள் காமாலை பி மற்றும் சி, காசநோய் போன்ற தொற்று இருந்தாலும் மறுப்பார்கள். மறுத்தால் என்ன செய்வது என்ற வரியும் உங்கள் தாளில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கல்லூரி வாசலிலிருந்து உடல் நேராக ஐயரிடம்தான் போகும்.

விழிக்கொடையை உடற்கொடையோடு சேர்த்தே செய்யலாம். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். கண் வங்கிக்குச் சொல்லிவிட்டு இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், காற்றில் கருவிழி உலர்ந்துவிடும். தலைக்கு அடியில் தலையணை வைத்து உயர்த்துங்கள். கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை நோயாளி எல்லாருமே கொடுக்கலாம். வீட்டுக்கே வந்து இருபது நிமிடத்தில் முடித்துவிட்டுப் போவார்கள், முகம் விகாரமாகாது. உறுப்புக்கொடை வேறு. அது மருத்துவமனையில் செயற்கைச் சுவாசத்தில் இருக்கும்போது மூளைச்சாவு உறுதியானால் மட்டுமே. அதற்கும் நடைமுறையில் குடும்பத்தின் கையெழுத்து வேண்டும். உறுப்பு எடுத்த உடலைப் பெரும்பாலும் கல்லூரி வாங்காது, எனவே எது முதல் விருப்பம் என்று எழுதிவிடுங்கள்.

உடற்கொடை எல்லாருக்கும் வாய்க்காது. எரிப்பதானால் மின் மயானமோ எரிவாயு தகன மேடையோ நல்லது. கிராமத்துச் சுடுகாடு பெரும்பாலும் சாதிச் சுடுகாடாக இருக்கிறது. அங்கே போனால் சங்கு ஊத ஒரு சாதி, பறையடிக்க ஒரு சாதி, குழி வெட்ட ஒரு சாதி என்று கூப்பிட்டு அனுப்புவார்கள். சாமியை விட்டுவிட்டு அந்த ஊழியத்தை வைத்துக்கொள்வது நாத்திகம் ஆகாது. உடல் கிடத்தியிருக்கும் அந்த நாலைந்து மணி நேரம் வெறுமையாக இருந்தால் சடங்கு உள்ளே வந்துவிடும். அதனால் யார் பேசுவது, யார் பாடுவது, எத்தனை மணிக்குத் தூக்குவது என்று தோழர்கள் அப்போதே முடிவு செய்ய வேண்டும். மகள்களும் பாடையைத் தூக்கட்டும், மயானம் வரை வரட்டும். பதினாறாம் நாளுக்குப் பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு வைத்தால் உறவினருக்கும் மனக்குறை இருக்காது. எப்படி இருந்தாலும் 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்ய மறக்காதீர்கள்.

ஆண் தோழர்களுக்கு ஒன்று. உங்கள் தாளில் துணைவியாரைப் பற்றி எழுதுங்கள். தாலியைக் கழற்றக் கூடாது, வளையலை உடைக்கக் கூடாது, பூவையும் பொட்டையும் யாரும் தொடக் கூடாது, கோடிப் புடவை போட்டு நடுவில் உட்கார வைக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். 'சடங்கு வேண்டாம்' என்று பொதுவாக எழுதினால் இது அதில் சேராது என்பார்கள். அண்ணியும் அத்தையும் விடிவதற்கு முன்பே அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய் முடித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் அவர் பக்கத்திலேயே இருக்க வேண்டிய பெண்கள் இரண்டு பேர் யார் என்று இப்போதே அவரிடம் கேட்டு, அவர்கள் பெயரையும் போன் நம்பரையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.