பண்ணைக்கார ஃபிராங்க் பக்கிள்ஸ்

முதல் உலகப் போரில் பணியாற்றிய அமெரிக்க வீரர்களில் கடைசியாக உயிரோடு இருந்த ஃபிராங்க் பக்கிள்ஸ் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் அந்தப் போரில் இருந்த 1917, 18-ஐ விரிவாக எழுதிவிட்டு, மிச்ச ஆயுளை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்களே!

16 வயதில் பொய் சொல்லிப் படையில் சேர்ந்த கதை எல்லோருக்கும் பிடிக்கும்தான். பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டால், நான் பிறந்தபோது மிசௌரியில் அதெல்லாம் கிடையாது, குடும்ப பைபிளில்தான் எழுதியிருக்கும் என்று சமாளித்திருக்கிறார். சரி, போய் ஆம்புலன்ஸ் ஓட்டினார்.

என்னைக் கேட்டால், அவர் உண்மையில் பெரும்பாடு பட்டது இரண்டாம் உலகப் போரில், அதுவும் சீருடை இல்லாமல். கப்பல் கம்பெனி வேலையாக மணிலாவில் இருந்தவரை ஜப்பானியர் பிடித்து மூன்று வருடத்துக்கு மேல் முகாமில் அடைத்துவிட்டார்கள். சத்துக் குறைவால் பெரிபெரி நோய் வந்து எலும்பும் தோலுமாக ஆன மனிதர், சக கைதிகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார்! அங்கே சாப்பிட்ட சின்னத் தகரக் குவளையைத் தூக்கிப் போடவே இல்லை.

அப்புறம் 1946-இல் கல்யாணம், ஒரே மகள், மேற்கு வர்ஜீனியாவின் சார்ல்ஸ் டவுன் பக்கம் 330 ஏக்கர் மாட்டுப் பண்ணை. நூறு வயதைத் தாண்டியும் டிராக்டர் ஓட்டினார். மனைவி 1999-இல் போன பிறகு மகள்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். 2011 பிப்ரவரியில், 110 வயதில், உயிர் பிரிந்ததும் பண்ணை வீட்டில்தான்.

முதல் உலகப் போர் வீரர்களுக்கு வாஷிங்டனில் தேசிய நினைவுச்சின்னம் வேண்டும் என்று 108 வயதில் செனட் குழு முன்னால் போய் உட்கார்ந்ததையாவது சேர்த்திருக்கலாம்.